போப்பாண்டவரோட புதுக்கோட்டை: ஷாத்தோநெஃப் டு பாப் போயிட்டு வந்த கதை

சுடுமணல்
போன மாசம் நாலு நாள் சேந்தாப்ல லீவு கெடச்சுது, லியோன்ல இருந்து காரை எடுத்துட்டு தெக்க கெளம்பிட்டேன். ஓரான்ஜ் தாண்டி அவினியோன் போற வழியில ஷாத்தோநெஃப் டு பாப். வைன் பாட்டில்ல இந்தப் பேரைப் பாத்திருப்பீங்க, ஊரும் அதேதான். ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர், ஒரு மேடு, மேடு மேல ஒரு கோட்டை. கீழ ரோட்டுல இருந்து பாத்தா அடேங்கப்பான்னு இருக்கு, மூச்சு வாங்க மேல ஏறிப் போனா பின்பக்கம் ஒண்ணுமே இல்ல, சினிமா செட்டு போட்டு பாதியில காசு தீந்துபோன மாதிரி தெக்குப்பக்கச் சுவர் மட்டும் வானத்துல நிக்குது. அதுல ஜன்னல் ஓட்டை வழியா அந்தப் பக்கமும் வானந்தான். காத்து வேற, தொப்பி போயே போச்சு, நாலு திராட்சைத் தோட்டம் தாண்டி எங்கயோ கெடக்கும்.

நான் போய்ச் சேந்தது மதியம் பன்னெண்டரை. பிரான்ஸ்ல எத்தன வருஷம் இருந்தாலும் இந்தத் தப்பப் பண்ணாம இருக்க முடியல. ரெண்டு மணி வரைக்கும் எல்லாம் பூட்டு. தெருவுல ஒரு வீடு விட்டு ஒரு வீடு வைன் கடை, எல்லாத்துலயும் சங்கிலி. ரெண்டே கால் வரைக்கும் ஃபவுண்டன் பக்கத்துல உக்காந்து அட்டைப்பெட்டி சாண்ட்விச் தின்னேன்.

தொறந்த முதல் கடைக்குள்ள போயி அங்க இருந்த அம்மாகிட்ட போப் காலத்துல இருந்தே இதே வைன்தானான்னு கேட்டேன். அவங்க போப்பப் பத்தி ரெண்டு வரி சொல்லிட்டு பரோன் பரோன்னு ஒருத்தரப் பத்தி கால் மணி நேரம் பேசுனாங்க. வீட்டுக்கு வந்து தோண்டிப் பாத்தப்பதான் புரிஞ்சுது. அதனால என் கருத்த போட்டுடறேன், திட்டறவங்க திட்டலாம்: இந்த ஊர போப் உருவாக்கல. ஒரு வக்கீலும் கோவத்துல இருந்த கொஞ்சம் விவசாயிங்களும் உருவாக்குனது. போப் லேபிள்ல இருக்கார், அவ்வளவுதான். ஊருக்கு அந்தப் பேரே 1893லதான் வந்துச்சு.

ரெண்டாம்கிளாஸ்
ஒரு நிமிஷம். ஷாத்தோன்னா கோட்டை. நெஃப்னா புது. அப்ப இது புதுக்கோட்டை. இத்தன நாளா நாம மரியாதையா வாயக் குவிச்சு ஷாத்தோநெஃப் ஷாத்தோநெஃப்னு சொல்லிட்டு இருந்தது புதுக்கோட்டைய 😂

நள்ளிரவு_டீ
போப்போட புதுக்கோட்டை. போஸ்டர் ரெடி.

பழையபேப்பர்
சுடுமணல், பேரு விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஆனா "லேபிள்ல மட்டும்"ங்கறது கொஞ்சம் அநியாயம். பொறுமையா வர்றேன்.

1309ல கிளமெண்ட் அஞ்சாவது போப் அவினியோனுக்கு வந்து சேர்றார். ரோம்ல அப்ப ஒரே அடிதடி, இந்தப் பக்கம் பிரெஞ்சு ராஜாவோட கை ஓங்கி இருந்த நேரம். அவருக்கும் திராட்சைக்கும் நல்ல பழக்கம்தான், ஆனா அவரோட தோட்டம் இருந்தது இங்க இல்ல, போர்தோ பக்கம் பெசாக்ல. அது இன்னைக்கும் ஷாத்தோ பாப் கிளமெண்ட்னு அவர் பேர்லயே ஓடுது. அதாவது போப் பேர் வெச்ச வைன்லயே ரெண்டு இருக்கு, குழப்பிக்காதீங்க.

ஷாத்தோநெஃப்ல கோட்டை கட்டுனது அடுத்தவர், 22வது ஜான். 1316ல போப் ஆகும்போதே எழுபது தாண்டுன கெழவர், சீக்கிரம் போய்டுவார்னு நெனச்சுத்தான் தேர்ந்தெடுத்தாங்கன்னு ஒரு பேச்சு உண்டு, மனுஷன் பதினெட்டு வருஷம் உக்காந்துட்டார். ஏற்கனவே அவினியோனுக்கு பிஷப்பா இருந்தவருங்கறதால இந்த மேடு அவருக்குப் பழக்கம். 1317ல ஆரம்பிச்சு 1333ல கோட்டை முடியுது. 1334 டிசம்பர்ல அவரும் முடிஞ்சுட்டார். பாவம், புதுமனை புகுந்த கையோட.

ஆனா திராட்சை அவரோட வரல. அவினியோன் பிஷப்புங்களுக்கு அதுக்கும் முன்னாடியே அங்க தோட்டம் இருந்துச்சு. போப் சபை வந்ததும் பக்கத்துலயே ஒரு பெரிய அரண்மனை நிறைய வாய், கார்டினல், எழுத்தர், காவக்காரன், விருந்தாளி, எல்லாருக்கும் வைன் வேணும், அதனால தோட்டம் பெருகுச்சு. ஆனா அதே சபை பர்கண்டி வட்டாரத்துல 'போன்'ங்கற ஊரு வைனையும் படகுல வரவழைச்சுக் குடிச்சதுங்கறதையும் சேத்தே சொல்லணும். உள்ளூர் சரக்குதான் உசத்தின்னு அவங்க ஒண்ணும் கொடி பிடிக்கல.

இன்னொண்ணு. 1348ல அவினியோன் நகரத்தையே ஒரு ராணிகிட்ட இருந்து 80,000 ஃபுளோரின் குடுத்து போப் வாங்கிட்டார். போப்புங்க ரோமுக்குத் திரும்பிப் போன அப்புறமும் இந்தப் பகுதி 1791 வரைக்கும் போப்போட சொத்துதான், பிரான்ஸே கிடையாது. பிரெஞ்சுப் புரட்சி வந்துதான் சேத்துக்கிட்டாங்க. அதனால "போப்"ங்கறது வெறும் விளம்பரப் பேர் இல்ல, நாநூறு வருஷத்துக்கு மேல பட்டா அவங்க பேர்ல இருந்த ஊரு.

ரெண்டாம்கிளாஸ்
1893க்கு முன்னாடி ஊர் பேரு என்னவாம்?

பழையபேப்பர்
ஷாத்தோநெஃப் கால்செர்னியே. கால்செர்னியேன்னா சுண்ணாம்புக் காளவாய்ல இருந்து வந்த பேர். அங்க சுண்ணாம்புக்கல்லு நிறைய, வெட்டி சுட்டு விக்கறது ஒரு பெரிய தொழிலா இருந்துச்சு. சுண்ணாம்புக் காளவாய்ப் புதுக்கோட்டைன்னு லேபிள் ஒட்டுனா யார் வாங்குவா.

நள்ளிரவு_டீ
ஆக சுடுமணல் சொன்னதுதான் கரெக்ட். 1893ல எவனோ மார்க்கெட்டிங் பண்ணிருக்கான். உலகம் பூரா இப்படித்தான், பாரம்பரியம்னு சொல்றதுல முக்கால்வாசி நம்ம தாத்தாவோட பங்காளி கண்டுபிடிச்சது.

சுடுமணல்
டீ அண்ணே, அத்தோட விட்டா என் பாயிண்டும் அடிபட்டுப் போகும். பேரு வெச்சா வைன் வித்துடுமா? 1893ல பேரு வந்துச்சு, ஆனா அந்தக் காலத்துல ஊரே படுத்துக் கெடந்துச்சு. ஏன்னா பூச்சி.

ஃபிலோக்ஸெராங்கற ஒரு பேன் மாதிரி பூச்சி, அமெரிக்கக் கொடியோட ஒட்டிக்கிட்டு வந்தது, வேருக்குள்ள உக்காந்து சாறு உறிஞ்சும். மேல இலை நல்லாத்தான் இருக்கும், ஒரு கோடையில மஞ்சளாகும், அடுத்த கோடையில செத்துரும், புடுங்கிப் பாத்தா வேரு மக்கிப் போயிருக்கும். இதுல கூத்து என்னன்னா பிரான்ஸ்ல இது முதல்ல தலைகாட்டுன இடமே இந்த ஊருக்கு எதிர்க்கரை. ரோன் ஆத்துக்கு அந்தப் பக்கம் ரோக்மோர், புஜோ, 1863 வாக்குல. ஆத்தத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும்? அந்த பத்து வருஷத்துக்குள்ள இங்க தோட்டம் எல்லாம் காலி. அப்புறம்தான் அமெரிக்க வேர்க்கொடி மேல நம்ம கொடிய ஒட்டுக்கட்டற வைத்தியம் வந்துச்சு. பூச்சி கொண்டு வந்த அதே அமெரிக்கச் செடிதான் மருந்தும். லா நெர்த்னு ஒரு பெரிய எஸ்டேட், அதோட முதலாளி கமாண்டர் துய்க்கோ, அவர் தோட்டத்த மறுபடி நடும்போது பத்து வகைத் திராட்சைய நட்டார், எந்த வகை வைனுக்கு என்ன குடுக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு எழுதி வெச்சார்.

ஆனா வித்தது எப்படி? பீப்பாய் பீப்பாயா பர்கண்டிக்கு. பர்கண்டி வைன் வெளிறிப்போன வருஷத்துல அதுல கலக்கறதுக்கு. வெயில்ல நல்லா பழுத்த தெக்கத்தி வைன் ஊத்துனா அவங்க வைனுக்கு நெறமும் தெம்பும் வரும். இதுக்கு மருந்து வைன்னே பேரு. இவங்க ஊர் பேரு எங்கயும் இருக்காது. இன்னொரு பக்கம் எவன் எவனோ எங்கயோ காய்ச்சுன சரக்குல ஷாத்தோநெஃப் டு பாப்னு லேபிள் ஒட்டி வித்துக்கிட்டு இருந்தான். அதாவது ஊர்க்காரன் சரக்கு ஊர் பேர் இல்லாம போகுது, ஊர் பேரு ஊர்க்காரன் சரக்கு இல்லாம போகுது. கோவம் வருமா வராதா?

1923ல இந்த விவசாயிங்க சில பேர் போயி பரோன் பியேர் லெ ருவாங்கறவரப் பாத்தாங்க. அவர் சட்டம் படிச்சவர், முதல் உலகப் போர்ல விமானி, ஷாத்தோ ஃபோர்ஷியா வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தவர், அதாவது வீட்டோட மாப்ள. கேஸ் போடணும், தலைமை தாங்குங்கன்னு கேட்டாங்க. அவர் வெச்ச நிபந்தனைதான் எனக்குப் பிடிச்சது: மொதல்ல நீங்க ஒழுங்கா இருக்கணும், நாளைக்குக் கோர்ட்ல நிக்கும்போது எதிராளி நம்மளப் பாத்து சிரிக்கக் கூடாது.

அப்புறம் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கிட்ட விதிகளப் பாருங்க. இந்த எல்லைக்குள்ள வெளஞ்சது மட்டும். இந்த வகைத் திராட்சை மட்டும். இப்படித்தான் கவாத்து பண்ணணும். ஆல்கஹால் 12.5 சதத்துக்குக் கொறஞ்சா ஷாத்தோநெஃப் இல்ல. அறுத்ததுல கெட்டத தனியா எடுத்துக் கழிச்சே ஆகணும். ரோஸேங்கற இளஞ்செவப்பு வைன் பண்ணவே கூடாது. எல்லை போட்டது எப்படின்னா தைம் செடியும் லாவெண்டரும் சேந்தாப்ல மொளைக்கற வறட்டு நிலம் எதுவோ அதுதான் தகுதியான நிலம். ஏன்னா அங்க வேற ஒண்ணும் உருப்படியா வெளயாது. செழிப்பான வண்டல் நிலம் வெச்சிருந்தவனுக்கு சீட்டு கிழிஞ்சுது. சர்வே கல்லு இல்ல, மண்ணுப் பரிசோதனை இல்ல, செடியப் பாத்து கோடு போட்டிருக்காங்க!

பத்து வருஷம் கேஸ் நடந்து 1933ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி ஜெயிச்சாங்க. 1935ல அரசாங்கம் நாடு முழுக்க இதே மாதிரி ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, அதுதான் இன்னைக்கு நிறைய பிரெஞ்சு வைன்ல இருக்கற ஏஓசி, அதாவது விதிப்படி அந்த ஊர்ல வெளஞ்சதுக்கு மட்டும் அந்த ஊர் பேருங்கற முத்திரை. 1936 மே மாசம் முதல் தொகுதி ஊர்கள்லயே ஷாத்தோநெஃபுக்குக் கெடச்சிருச்சு. அந்தச் சட்டத்த நடத்தற தேசிய அமைப்புக்கு இதே பரோன் 1947ல இருந்து 1967ல சாகற வரைக்கும் தலைவர். போப் கட்டுன கோட்டை பாதிதான் நிக்குது, வக்கீல் கட்டுனது முழுசா நிக்குது. அதான் என் கட்சி.

ரெண்டாம்கிளாஸ்
வீட்டோட மாப்ள ஊரையே தூக்கி நிறுத்துன வரலாறு. எங்க மாமனார்கிட்ட காட்டணும் இந்த இழைய.

கறுப்புத்திராட்சை
நான் வைன் குடிக்கறதில்ல, ஆனா எங்கப்பா திராட்சைக்காரர், அதனால கேக்கறேன். கவாத்து எப்படிப் பண்றாங்க அங்க? ஃபோட்டோல பாத்தா பந்தலும் இல்ல, கம்பியும் இல்ல, வெறும் கல்லுக்கு நடுவுல குட்டை குட்டையா ஏதோ நிக்குது. அந்தக் கல்லுதான் வைனோட ரகசியம்னு எங்கயும் எழுதறாங்களே, நெஜமா? அவ்வளவு கல்லுல களை எடுக்கறவன் நெலமய நெனச்சாத்தான் பகீர்ங்குது.

தவம்_அண்ணை
தங்கச்சி, இதுக்கு நான் பதில் சொல்லலாம். நான் பிரான்சுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல. விசா கிடைச்ச முதல் வருசம் பாரிசில ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிக்கொண்டு இருந்தனான், ஒராள் சொன்னவர் தெற்கில வான்டான்ஜ் எண்டு திராட்சை வெட்டுற வேலை, ரெண்டு கிழமைக்கு நல்ல காசு எண்டு. நாலு பேர் ரயிலேறிப் போனனாங்கள்.

மரம் உங்கட முழங்காலுக்குக் கொஞ்சம் மேல தான் வரும். கோப்லே எண்டு சொல்லுவினம், கிண்ணம் மாதிரி. அடி தடிப்பாய் முறுகிப் போய் இருக்கும், அதில நாலைஞ்சு கை மேல பிரிஞ்சு விரிஞ்சிருக்கும், மாரியில ஒவ்வொரு கையிலயும் ரெண்டு கண் மட்டும் விட்டிட்டு மிச்சம் எல்லாத்தையும் வெட்டிப் போடுவினம். கிரெனாஷ் திராட்சைக்கு இது தான் சட்டம். மிஸ்திரால் எண்டு வடக்கில இருந்து அடிக்கிற கடும் காத்து, இப்பிடிக் குட்டையாய் விட்டால் அது மேலால போகும். காத்தைத் திட்டாதேங்கோ சுடுமணல் தம்பி, உங்கட தொப்பி போனது கவலைதான், ஆனால் மழை பெய்ஞ்சால் அடுத்த நாளே அந்தக் காத்து தோட்டத்தைக் காயப் பண்ணிப் போடும், பூஞ்சணம் பிடிக்க விடாது. அங்க உள்ள சனம் காத்தைப் பேசும், ஆனால் வைது பேசாது.

கல்லு. அதைக் கேட்டால் என்ர முதுகு பதில் சொல்லும். சின்னது கைப்பிடி அளவு, பெரிசு தேங்காயை விடப் பெரிசு, எல்லாம் வழுவழுப்பாய் உருண்டை. ஒரு காலம் ரோன் ஆறு அல்ப்ஸ் மலையில இருந்து உருட்டிக் கொண்டுவந்து விட்டிட்டுப் போனதாம். கீழ சிவப்புக் களிமண். அதுக்கு மேல நடக்கேக்க ஒவ்வொரு காலடியும் கணுக்கால் மடங்கும், ரெண்டாம் நாள் எனக்கு வீங்கிப் போச்சு. குனிஞ்சு குனிஞ்சு வெட்டோணும், மெசின் விடேலாது, கையால தான் எண்டு சட்டமே இருக்கு. ஒரு கையில செக்காத்தர் எண்ட வெட்டுக் கத்திரி, காலுக்குப் பக்கத்தில வாளி. குலையைத் தூக்கிப் பாத்து பழுதானதை, காய்ஞ்சதை, பச்சையாய் இருக்கிறதை அந்த இடத்திலயே வெட்டி எறியோணும். நூத்துக்கு அஞ்சாவது கழிக்கோணும், அதுக்கு ராப்பே எண்டு பேர். நான் முதல் நாள் நல்ல பழத்தை எல்லாம் எறிஞ்சு போட்டன், ஒரு வயசான பொம்பிளை வந்து ஒண்டும் பேசாமல் நிலத்தில கிடந்த குலையை எடுத்து என்ர வாளிக்குள்ள போட்டிட்டுப் போனவ. அதுக்குப் பிறகு நான் கவனம்.

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும் அந்தக் கல்லுக்கு மேல கையை வைச்சால் சுடும், செப்டெம்பர் மாசத்தில. அது உண்மை. வைனுக்கு அது என்ன செய்யுது எண்டு எனக்குத் தெரியாது, எங்களுக்கு இருந்து சாப்பிட நல்ல சூடு.

காசு எண்டால், வேலை செய்த இடத்தில கடைசிக் கிழமைக் கூலியை நாலு மாசம் இழுத்தவை. ஒருக்கா இல்லை, மூண்டு கடிதம் எழுதினது. ஆர் எண்டு சொல்லேல்லை, விடுங்கோ.

கறுப்புத்திராட்சை
அண்ணா, ரெண்டு கண்ணு விட்டு வெட்டறது வரைக்கும் சொன்னீங்க பாருங்க, எங்கப்பாகிட்ட இப்பதான் படிச்சுக் காட்டுனேன். "அப்ப வெளச்சல் என்ன வரும்"னு கேக்கறார்.

சுடுமணல்
அப்பாவுக்கு அதிர்ச்சியா இருக்கும். ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு உச்சவரம்பு, அதாவது ஒரு ஹெக்டேர்ல 3,500 லிட்டர். பிரான்ஸ்லயே வேற பல இடத்துல 5,000 தாண்டி எடுக்கறாங்க. கம்மியா காய்ச்சா இருக்கற பழத்துல சாறு கெட்டியா நிக்கும்ங்கறது கணக்கு.

நள்ளிரவு_டீ
கல்லு விஷயத்துல ஒரு சின்ன ஊசி குத்திட்டுப் போறேன். ஷாத்தோநெஃப்லயே ஆளுங்க பித்துப் பிடிச்சு அலையற வைன் ஷாத்தோ ராயாஸ். அந்தத் தோட்டத்துல உருண்டைக் கல்லே கிடையாது, முழுக்க மணல். போதாததுக்கு சுத்தி காடு, வடக்கப் பாத்த சரிவு, வெயிலே கம்மி. திராட்சை கிரெனாஷ் மட்டும். வெளிறின நெறம், பாத்தா இது ஷாத்தோநெஃபான்னு சந்தேகம் வரும். விலை கேட்டா மயக்கம் வரும். இப்ப சொல்லுங்க, கல்லு ரகசியமா?

பழையபேப்பர்
இது நல்ல குத்து. மொத்தம் 3,200 ஹெக்டேர் அளவு நிலம், அஞ்சு ஊர்ல பரவிக் கெடக்கு, ஷாத்தோநெஃப், ஓரான்ஜ், கூர்தெஸோன், பெதாரிட், சோர்க். இதுல உருண்டைக் கல்லு, மணல், சுண்ணாம்புக்கல் சில்லு, மணற்பாறைன்னு எல்லாம் கலந்து இருக்கு. லா க்ரோங்கற மேட்டுல போயி ஃபோட்டோ எடுத்தா கல்லு அழகா விழும், அதனால எல்லா புஸ்தகத்துலயும் அந்த ஃபோட்டோ. கல்லு பகல் சூட்ட வாங்கி ராத்திரி விடுதுங்கறது வாஸ்தவந்தான், ஆனா அந்த வெயிலுக்கு கிரெனாஷ் பழுக்கறதுக்கு ராத்திரி சூடு வேற வேணுமாங்கறது கேள்வி. கல்லு செய்யற உருப்படியான வேலை கீழ இருக்கற களிமண்ணு ஈரத்த வெயில் உறிஞ்சாம மூடி வைக்கறதுன்னு எனக்குத் தோணுது.

ரெண்டாம்கிளாஸ்
13 வகைத் திராட்சைன்னு கேள்விப்பட்டேன், பதிமூணையும் போட்டே ஆகணுமா? சாம்பார்ல கூட அவ்வளவு காய் போட மாட்டாங்க.

சுடுமணல்
போட்டே ஆகணும்னு இல்ல, இந்தப் பதிமூணுக்குள்ள எது வேணா போடலாம். நெறத்தையெல்லாம் தனித்தனியா எண்ணி இப்ப விதிப்புத்தகத்துல 18ன்னு எழுதிருக்காங்க. ஆனா நடைமுறைல கிரெனாஷ்தான் ராஜா, மிச்சத்துல சிராவும் மூர்வெத்ரும். மஸ்கார்தன், வக்காரெஸ், தெர்ரே நுவார்லாம் பேரு மட்டுந்தான், தோட்டத்துல தேடணும். போகாஸ்தெல் எஸ்டேட்ல பதிமூணையும் இன்னும் வளக்கறாங்க. செவப்பு வைன்ல வெள்ளைத் திராட்சையும் கலக்கலாம்ங்கறது வேற.

வெள்ளை வைனும் உண்டு, நூத்துக்கு அஞ்சாறுதான் இருக்கும். நான் கடையில மூணு கிளாஸ் ருசி பாத்தேன், மூணாவது 15 சதம் ஆல்கஹால், துப்பறதுக்கு ஒரு சட்டி வெச்சிருந்தாங்க, துப்பாம முழுங்கிட்டேன், அப்புறம் ஒன்றரை மணி நேரம் காருக்குப் போகாம கோட்டைப் பக்கம் நடந்தேன். வெயில் ஏற ஏற பழத்துல சக்கரை ஏறுது, இப்ப ஆல்கஹால் கொறைக்கறதுதான் அவங்க தலைவலி. 12.5ஆவது இருக்கணும்னு சண்டை போட்ட ஊரு!

பழையபேப்பர்
கோட்டைன்னதும் ஞாபகம் வருது. பாதிதான் நிக்குதுன்னீங்களே, ஏன்னு சொல்லவே இல்ல. அது போப் காலத்துலயே விழல. பதினாறாம் நூற்றாண்டு மதச் சண்டையில புராட்டஸ்டண்ட் படை வந்து கொளுத்துச்சு. அப்புறம் ஊர்க்காரங்களே கல்லப் பேத்துப் பேத்து வீடு கட்டிக்கிட்டாங்க, கீழ தெருவுல பழைய வீடு சிலதுல போப் கல்லுதான் இருக்கும். பெரிய கோபுரம் மட்டும் முழுசா நின்னுச்சு. 1944 ஆகஸ்ட்ல ஜெர்மன்காரன் பின்வாங்கிப் போகும்போது அதுக்கு வெடி வெச்சுட்டுப் போனான். வடக்குப் பாதி விழுந்துச்சு, தெக்குப் பாதி அசையல. நீங்க பாத்த ஜன்னல் ஓட்டை அதுதான்.

நள்ளிரவு_டீ
சரி பறக்கும் தட்டு மேட்டர் இன்னும் யாரும் எடுக்கல, நானே எடுக்கறேன். 1954 அக்டோபர் 25ஆம் தேதி இந்த ஊர் மேயர் லூசியன் ஜூன் ஒரு உத்தரவு போட்டார். எந்த நாட்டுப் பறக்கும் தட்டா இருந்தாலும் சரி, பறக்கும் சுருட்டா இருந்தாலும் சரி, இந்த ஊருக்கு மேல பறக்கவோ எறங்கவோ கெளம்பவோ கூடாது. மீறி எறங்குனா உடனே புடிச்சு பவுண்டுல அடைக்கப்படும். நிறைவேத்த வேண்டிய பொறுப்பு யாருக்குத் தெரியுமா? ஊர்த் தோட்டக்காவலருக்கு. செவ்வாய் கிரகத்துல இருந்து வந்தவன தோட்டக்காவலர் புடிக்கணும்.

ரெண்டாம்கிளாஸ்
யோவ் இது நெசமாவா 🤣🤣 ஆடு மாடு அடைக்கற பட்டியில பறக்கும் தட்டா

நள்ளிரவு_டீ
நெசம்தான். அந்த வருஷம் பிரான்ஸ் பூரா தட்டப் பாத்தேன் சுருட்டப் பாத்தேன்னு பேப்பர்ல ஒரே செய்தி. மேயர் சும்மா கெடைக்கற விளம்பரத்த விடுவானேன்னு போட்டுட்டார், எல்லா பேப்பர்லயும் ஊர் பேரு வந்துச்சு. 2016ல இருந்த மேயரும் ரத்து பண்ண மாட்டேன்னுட்டார். கலிஃபோர்னியால பானி டூன்ங்கற ஒயினரி அதே திராட்சைக் கலவையில ஒரு வைன் செஞ்சு பறக்கும் சுருட்டுன்னே பிரெஞ்சுல பேரு வெச்சு வித்துச்சு. அதான் சொல்றேன் சுடுமணல், 1893லயும் மார்க்கெட்டிங், 1954லயும் மார்க்கெட்டிங். உங்க வக்கீல் நடுவுல வந்தவர்.

சுடுமணல்
நடுவுல வந்தவர்தான். ஆனா அவர் இல்லாட்டி அந்த மேயர் விளம்பரம் பண்ண என்ன சரக்கு இருந்திருக்கும்? சரி இதுல பாதி உங்களுக்கு விட்டுக் குடுக்கறேன். அந்த ஊர்க்காரங்களுக்குப் பேரோட அருமை எப்பவும் தெரிஞ்சிருக்கு. 1937ல பாட்டிலுக்கே முத்திரை போட்டாங்க, கண்ணாடியிலயே புடைப்பா, போப்போட கிரீடம், கீழ ரெண்டு சாவி குறுக்க. லேபிளக் கிழிச்சு வேற ஒட்டலாம், கண்ணாடியக் கிழிக்க முடியாதே.

நள்ளிரவு_டீ
கண்ணாடி இல்லாமலே ஏமாத்துனவங்க இருக்காங்க. 2018ல அரசாங்க விசாரணை அறிக்கைல வந்துச்சு, ரோன் பக்கத்து மொத்த வியாபாரி ஒருத்தர் மூணு வருஷமா சாதா வைன உசந்த பேர்ல தள்ளிருக்கார், அதுல கிட்டத்தட்ட 20,000 ஹெக்டோலிட்டர் ஷாத்தோநெஃப் பேர்ல. டாங்கர் டாங்கரா. 1923 கதை திரும்ப முதல்ல இருந்து.

கறுப்புத்திராட்சை
அங்க திராட்சை மட்டும்தானா? வேற பயிர் ஒண்ணும் போடறதில்லயா?

பழையபேப்பர்
முன்னாடி ஆலிவ் நிறைய இருந்துச்சு. 1956 பிப்ரவரில ஒரு கொடும் பனி, மரம் பட்டை வெடிச்சு செத்துப் போச்சு, தெக்கு பிரான்ஸ் பூராவும் அப்படித்தான். பல பேரு மறுபடி ஆலிவ் நடாம திராட்சை நட்டுட்டாங்க. ஏற்கனவே பேரும் சட்டமும் இருந்ததால அது லாபமாவும் இருந்துச்சு. இப்ப ஓரத்துல அங்கங்க ஆலிவ் நிக்கும், அவ்வளவுதான்.

தவம்_அண்ணை
போறதெண்டால் எப்ப போகலாம் எண்டு ஆரோ தனிமடலில கேட்டவை, இதிலயே எழுதுறன். ஆவணி, அதாவது ஓகஸ்ட், முதல் கிழமைக் கடைசியில வெரேசோன் எண்டு ஒரு திருவிழா, திராட்சை பச்சையில இருந்து நிறம் மாறுற நேரம். பழைய காலத்து உடுப்புப் போட்டு ஊர்வலம் வருவினம், ஒரு கிளாஸ் காசு குடுத்து வாங்கினால் அதோட கடை கடையாய் ருசி பாக்கலாம். சனம் நெரியும், கார் விட இடம் கிடையாது. எனக்குப் பிடிச்சது சித்திரையில, ஏப்ரல் கடைசியில வாற சென் மார்க் திருநாள், திராட்சைக்காரரின்ர காவல் புனிதர், அண்டைக்கு அவையள் தங்களுக்குள்ள ஆற்ற வைன் திறம் எண்டு போட்டி வைப்பினம். வெளியாள் குறைவு. மத்தியானம் போகாதேங்கோ, தம்பிக்கு நடந்தது தெரியும் தானே.

ரெண்டாம்கிளாஸ்
அண்ணே கூலி இழுத்தடிச்சாங்கன்னீங்களே, கடைசில வந்துச்சா?

தவம்_அண்ணை
வந்தது. தை மாசம் செக் வந்தது, அதோட ஒரு பெட்டியும். உள்ள ஆறு போத்தல். மன்னிப்போ என்னவோ, கடிதம் ஒண்டும் இல்லை. நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு ஒண்டு குடிச்சம், ரெண்டை ஒரு கலியாண வீட்டுக்குக் குடுத்தம். அப்ப அதின்ர விலை எங்களுக்குத் தெரியாது, கோலா கலந்து குடிச்சனாங்கள், இதை இஞ்ச எழுதினதுக்கு ஆரும் அடிக்க வரவேண்டாம்.

நள்ளிரவு_டீ
கோலாவா!! மாடரேட்டர் இந்த ஆளத் தடை பண்ணுங்க.

சுடுமணல்
அண்ணே பரோன் கல்லறையில புரண்டு படுத்திருப்பார். போத்தல் ஏதாவது இருக்கா இன்னும்?

தவம்_அண்ணை
ஒண்டு இருக்கு. நீங்கள் சொன்ன அந்தக் கிரீடமும் ரெண்டு சாவியும் போட்ட போத்தல், நல்ல தடிப்பான கண்ணாடி. மனுசி அதுக்குள்ள நல்லெண்ணெய் விட்டு அடுப்புக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறா. எண்ணெய் கையோட பிடிச்சாலும் வழுக்காதாம், சாவியில விரல் நல்லாய்ப் பிடிபடுமாம்.